நெய்ச்சோறு

கயிறு லாயத்துத் தீனிக்காரன் கைக்கு வந்துவிட்டது.

கயிற்றின் மறுமுனையில் ஒரு செவலைப் பெண்குதிரை. தோணியிலிருந்து இறக்கிய ஈரம் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. முன்னங்கால் ஒன்று மட்டும் வெள்ளை.

கயிற்றைக் கொடுத்த யாகூத் சிரித்தான். கடலுக்கு அப்பால், அரபு நாட்டில் குதிரை வளர்ப்பவன். கப்பலோடு வந்து கப்பலோடு போகிறவன்.

"இது போன வருசம் வந்தவளோட தங்கச்சி. அவ சுகமா?" என்றான், இந்தக் கரையில் கற்ற தமிழில்.

"சுகம்."

சொல்லிவிட்டான். நரம்பில்லாத நாக்கு.

யாகூத் மடியிலிருந்து ஒரு பிடி பேரீச்சம்பழம் எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தான். அவளுக்காம். பிறகு தோணியில் ஏறிக்கொண்டான்.

பாண்டியனின் லாயத்தில் குதிரைகளுக்குத் தீனி வைப்பது அவன் பொறுப்பு. இந்தத் துறையில் முத்தும் மிளகும் கப்பலேறும். குதிரை இறங்கும். குதிரை இருக்கும்வரைதான் எல்லையில் பகைவன் வாலைச் சுருட்டிக்கொண்டிருப்பான். ஆகவே வந்திறங்கும் குதிரைக்கு ராஜ உபசாரம். பச்சரிசிச் சோறு, பசுநெய், சுண்டக் காய்ச்சிய பால். அரண்மனை உத்தரவு.

அவனும் குறை வைக்கவில்லை. சென்ற ஆண்டு வந்தவளுக்கு வெண்காலி என்று பெயரிட்டு, உருண்டை பிடித்து ஊட்டினான். பெற்ற பிள்ளைக்கு ஒருநாளாவது இப்படி ஊட்டியதுண்டா என்று பெண்டாட்டி மூக்கைச் சிந்தினாள்.

வெண்காலி வயிறு உப்பிப் படுத்தாள்.

கண்ணேறு என்றது லாயம். கப்பலேறும்போது யாகூத் திரும்பித் திரும்பிப் பார்த்து அழுதானே, அந்தக் கண்.

அவனும் ஆமாம் என்றான். பூசணிக்காயும் அவன்தான் உடைத்தான்.

நடுவில் ஒருநாள் அரண்மனை நெய் வரவில்லை. லாயத்தில் காய்ந்த புல்தான் இருந்தது. அதைத் தின்றுவிட்டு வெண்காலி எழுந்து நின்றாள்.

அவன் பார்த்தான். பார்த்தும், மறுநாள் நெய் வந்ததும், தேறிவிட்டாள் என்ற மகிழ்ச்சியில் இரண்டு பங்காக ஊட்டினான்.

குழியில் மண் தள்ளும்போது லாயத்து அதிகாரி தோளில் தட்டினார். "விடப்பா. ஒண்ணு போனா இன்னொண்ணு. கப்பல் வந்துக்கிட்டேதான் இருக்கும்."

வந்துவிட்டது.

லாயத்துப் பக்கமிருந்து நெய் உருகும் வாசனை காற்றில் வந்தது. புதியவள் மூக்கை உயர்த்தினாள். பிறகு அவன் கையை மோந்தாள். பேரீச்சம்பழம் இருந்த கையை. அவன் விரல்களை மூடிக்கொண்டான்.

உங்கள் ஊரில் இவளுக்கு என்ன தீனி? ஒரே ஒரு கேள்வி. அதைக் கேட்டால், ஏன் கேட்கிறாய் என்பான் யாகூத். பொய் சொன்னதாவது பரவாயில்லை. கொன்ற பழியை, அவளுக்காக அழுத கண்ணின் மேலேயே போட்டவன். எந்த முகத்தோடு கேட்பது?

தோணி முதல் அலையைத் தாண்டியது.

கேட்காவிட்டால் இன்னொரு குழி. அவ்வளவுதான். யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை.

இரண்டாம் அலை.

கயிற்றைப் பிடித்தபடியே அவன் கடலுக்குள் இறங்கினான். குதிரையும் கூடவே இறங்கியது. கரையில் மூட்டை சுமந்தவர்கள் நின்று பார்த்தார்கள். அதிகாரி குடையை விலக்கிப் பார்த்தார்.

"யாகூத்தண்ணே! அவ செத்துட்டா! நான்தான்… நெய்ச்சோறு ஊட்டியே கொன்னுட்டேன்! உங்க கண்ணு பட்டுடுச்சுன்னு சொன்னாங்க, நானும் ஆமான்னுட்டேன்! இவளுக்கு என்ன போடணும்? சொல்லிட்டுப் போங்கண்ணே!"

துடுப்புகள் நின்றன.

யாகூத் தோணியில் எழுந்து நிற்பது தெரிந்தது. அதற்குமேல் அவனால் பார்க்க முடியவில்லை. குதிரையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

வெகுநேரம் அலைச் சத்தம் மட்டும்.

பிறகு துடுப்புச் சத்தம். நெருங்கி வந்தது.