சிவப்புப் பை யாருக்கு?

மூணாவது வாரமும் சிவப்புப் பை தன் வீட்டுக்கே வந்து சேர்ந்ததும் மேனேஜருக்கு மானமே போய்விட்டது.

பைக்குள் இருப்பது பட அட்டைகள். சனிக்கிழமை இங்கிலீஷ் வகுப்பில் மிஸ் ஒவ்வொரு படமாகக் காட்டுவார். பெயரை இங்கிலீஷில் சொன்னால் அட்டை உனக்கு. தெரியாவிட்டால் அடுத்த பிள்ளைக்கு. கடைசியில் யாரிடம் அட்டை குறைவோ, அந்தப் பிள்ளை பையை வீட்டுக்குத் தூக்கிப் போக வேண்டும். அப்பாவோ அம்மாவோ கூட உட்கார்ந்து அத்தனை அட்டையையும் விளையாடித் தீர்க்க வேண்டும். அதுவரை அவர்கள் போன் அந்தப் பைக்குள் கிடக்க வேண்டும். மிஸ் போட்ட சட்டம்!

ஆபீஸையே ஆட்டி வைக்கிற மனுஷன், மகளோடு தரையில் சப்பணம் போட்டு யானையும் பூனையும் காட்டிக்கொண்டிருந்தார். என்ன கொடுமை!

எதிர்வீட்டு அம்மா வேறு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினாள். "எங்க பையன் எப்பவும் ஃபர்ஸ்ட்டுதான் சார். அந்தப் பை எங்க வாசப்படியை மிதிச்சதே இல்ல!"

இந்தச் சனிக்கிழமை மிஸ்ஸை ஒரு கை பார்த்துவிடுவது என்று மேனேஜரே மகளை அழைத்துக்கொண்டு கிளம்பினார்.

"வீட்ல கடகடன்னு ஒப்பிக்கிற, அங்க மட்டும் வாய்க்குப் பூட்டா? இன்னிக்குத் தோத்தே, தெரியும் சேதி!"

மகள் செருப்பு வாரை மாட்டுவதிலேயே குறியாக இருந்தாள்.

வகுப்பு ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டு அம்மா ஏற்கெனவே இடம் பிடித்திருந்தாள். மேனேஜரும் போய் நின்றார்.

மிஸ் நாய்ப் படத்தைக் காட்டினார்.

"தெரியல மிஸ்," என்றாள் மகள்.

"எனக்கும் தெரியல மிஸ்," என்றது அடுத்த வாண்டு.

"மாடா மிஸ்?" என்றது அதற்கடுத்தது.

மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். "நாயைப் பார்த்து முழிக்குதுங்க! இந்த மிஸ் என்னத்தைச் சொல்லிக் குடுத்துக் கிழிக்குது?"

"டாக்!" என்றான் எதிர்வீட்டுப் பையன். சொன்ன கையோடு வாயைப் பொத்திக்கொண்டான்.

"பார்த்தீங்களா, எம் புள்ளைய!" என்று அவன் அம்மா கை தட்டினாள்.

ஆட்டம் முடிந்தது. மகள் கையில் மட்டும் ஒரு அட்டைகூட இல்லை. பை அவளுக்கே. அவளோ பையைக் கட்டிக்கொண்டு குதி குதியென்று குதித்தாள். எதிர்வீட்டுப் பையன் ஓவென்று அழ ஆரம்பித்தான்.

மேனேஜர் உள்ளே பாய்ந்தார். "நல்லா இருக்கு மிஸ் உங்க லட்சணம்! தோத்தது குதிக்குது, ஜெயிச்சது அழுவுது!"

"அழறவனையே கேளுங்க சார்," என்றார் மிஸ்.

"ஏன்டா கண்ணா அழற? நீதானே ஃபர்ஸ்ட்டு!" போனில் அவனைப் படம் பிடித்துக்கொண்டே கேட்டாள் அம்மா.

"வாய் தவறிச் சொல்லிட்டேம்மா... இவளே தோத்துத் தோத்துப் பையை எடுத்துட்டுப் போயிடறா. நீ எப்பம்மா என்கூட விளையாடுவே?"

அம்மா போனைக் கீழே இறக்கினாள். மேனேஜர் மகளைத் திரும்பிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சட்டைப் பையில் போன் அடித்தது. பழக்க தோஷம், எடுத்துக் காதில் வைக்கப் போனார்.

மகள் சிவப்புப் பையின் வாயை அகல விரித்து நீட்டினாள்.

"உள்ள போடுங்கப்பா."