முன்பின் தெரியாத டீச்சர்

பழவங்காடி கணபதி கோவில் முன்னால், தேங்காய்க் கடையில் பொன்செல்வி உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் ரேஷ்மிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

திரும்பிப் போய்விடலாம் என்றால், மாமியார் பகவதியம்மாள் அதற்குள் கடை முன்னால் போய் நின்றுவிட்டாள். முட்டுவலி குறைந்ததற்கு நேர்ந்துகொண்ட தேங்காய். வாங்காமல் விடுவாளா?

ரேஷ்மி ஒரு பள்ளிக்கூடத்தில் கவுன்சிலர். மனதில் பாரம் உள்ள பிள்ளைகளின் பேச்சைக் கேட்பது அவள் வேலை. பயிற்சியில் அதை மூன்று படியாகச் சொல்லிக்கொடுத்தார்கள். முதல் படி மொத்த வகுப்புக்கும். அதில் பிடிகொடுக்காத ஏழெட்டுப் பேரைச் சேர்த்து உட்காரவைத்துப் பேசுவது இரண்டாம் படி. அங்கேயும் வாய் திறக்காத பிள்ளையோடு தனியாக உட்காருவது மூன்றாம் படி.

ஒன்பதாம் வகுப்பு பொன்செல்வி மூன்றாம் படிக்கு வந்தவள்.

வந்த அன்றைக்கு ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாள். கவுன்சிலரிடம் வருவது அப்பாவுக்குத் தெரிந்தால், பிள்ளைக்குப் புத்தி சரியில்லை என்று நினைத்து, படிப்பை நிறுத்தி ஊருக்கு அனுப்பிவிடுவார். அவ்வளவுதான். அதன்பிறகு திங்கட்கிழமை தோறும் வந்து, ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டுப் போவாள். போன மாதத்தோடு அந்த வரத்தும் நின்றுபோனது.

அந்தத் திங்கட்கிழமை நேரத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடலாமே என்று தலைமையாசிரியை கேட்டார். நேற்றுதான் ரேஷ்மி சரி என்று தலையாட்டியிருந்தாள். ராத்திரி சோறு இறங்கவில்லை. ஒரு பிள்ளையைக் கைவிட்டுவிட்டோம் என்று அவ்வளவு வலித்தது.

பயிற்சியில் இன்னொன்றும் சொல்லியிருந்தார்கள். வெளியில் பிள்ளையைக் கண்டால் முன்பின் தெரியாதவர் போலக் கடந்து போக வேண்டும். பிள்ளை சிரித்தால் மட்டும் சிரிக்கலாம். பொன்செல்வியிடமும் அதை முதல் நாளே சொல்லி வைத்திருந்தாள்.

பக்கத்தில் மாமியார் நின்றால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பொன்செல்வி நிமிர்ந்து ரேஷ்மியைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. ரேஷ்மி தேங்காய்க் குவியலை ஆராய்ச்சி செய்ய ஆரம்பித்தாள்.

ஊர், பேர், பள்ளிக்கூடம் எல்லாம் விசாரிக்காமல் பகவதியம்மாளுக்கு ஒரு சாமானும் வாங்கிப் பழக்கமில்லை. விசாரித்தாள். பள்ளிக்கூடத்தின் பேரைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

“அட, எம் மருமக அங்கதானே ஜோலி பாக்கா! இவளைத் தெரியாதா பிள்ளே உனக்கு?”

தேங்காய் அடுக்கிக்கொண்டிருந்த அப்பா தங்கபாண்டி திரும்பினார். மகளைப் பார்த்தார், ரேஷ்மியைப் பார்த்தார். என்ன பாடத்துக்கு டீச்சர் என்று கேட்டார்.

ரேஷ்மி பைக்குள் சில்லறை தேடினாள். பகவதியம்மாளோ மருமகளின் உத்தியோகத்தைப் பெருமையாக அறிவிக்க மூச்சை இழுத்துக்கொண்டாள்.

“பாட்டு டீச்சர்ப்பா,” என்றாள் பொன்செல்வி.

ரேஷ்மிக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன நவராத்திரிக்கு, கொலு முன்னால் அவள் ஆரம்பித்த பாட்டைப் பாதியில் நிறுத்தி, நீ சுண்டல் மட்டும் கொடு, போதும் என்று சொன்னவள் இதே பகவதியம்மாள்தான்.

பகவதியம்மாளின் வாய் திறந்தது. ரேஷ்மி அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். திறந்த வாய் அப்படியே நின்றது.

தங்கபாண்டிக்கு ஒரே சந்தோஷம். மகள் பாட்டுப் படிக்கிற சங்கதி இன்றைக்குத்தான் தெரிகிறதாம். எங்கே, டீச்சர் சொல்லிக்கொடுத்ததில் ரெண்டு வரி பாடு பார்ப்போம் என்றார்.

பொன்செல்வியின் முகம் வெளுத்துப்போனது.

“நல்லா இருக்கே! வயசுப் பிள்ளைய நடுரோட்டிலயா பாடச் சொல்லுவாவ? தேங்காயை எடுத்துக் குடும்!” என்று பகவதியம்மாள் அவர்மேல் பாய்ந்தாள்.

என்ன ஏது என்று அவளுக்குத் தெரியாது. மருமகள் தன் கையை இன்னும் விடவில்லை. அது போதும் அவளுக்கு. மாமியாரை அங்கேயே கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது ரேஷ்மிக்கு.

தங்கபாண்டி சிரித்துக்கொண்டே ஒரு தேங்காயை எடுத்து நீட்டினார். பொன்செல்வி அதைக் குறுக்கே வாங்கி, காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தாள். குவியலைக் கிளறி வேறொன்றைத் தேடி எடுத்தாள். நேர்ந்துகொண்டவள் கை நீட்டிக்கொண்டிருக்க, அதை ரேஷ்மியின் கையில் வைத்தாள்.

ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை, முதல்முறையாக ரேஷ்மியின் கண்ணைப் பார்த்து, பள்ளிக்கூடத்து மலையாளத்தில் கேட்டாள்.

“டீச்சரே, திங்களாழ்ச்ச பாட்டு க்ளாஸ் உண்டோ?”

தலைமையாசிரியையிடம் என்ன சொல்வது என்று ரேஷ்மி யோசிக்கவே இல்லை. திங்கட்கிழமை உண்டு என்றாள்.

பொன்செல்வி சிரித்தாள்.

அதற்குப் பிறகுதான் ரேஷ்மி சிரித்தாள்.