உயிரோடு ஒரு போட்டோ

"மாப்பிள்ளை, கண்ணைத் திறந்துதான் வச்சிருக்கீங்களா?"

ஸ்டுடியோ மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாமனார் கேட்டார். வந்த பத்து நிமிஷத்தில் இது ஒன்பதாவது கேள்வி.

கேமராவுக்குப் பின்னால் நின்ற போட்டோகிராபர் பல்லைக் கடித்தாள். நடிகர்களுக்கு முகப்படம் எடுப்பதுதான் அவள் தொழில். பாதியில் அழுத நடிகைகளைப் பார்த்திருக்கிறாள். கோபித்துக்கொண்டு எழுந்து போன கதாநாயகர்களையும் பார்த்திருக்கிறாள். மாமனாரோடு வந்த நடிகரை இப்போதுதான் பார்க்கிறாள்.

"தாடையைக் கொஞ்சம் முன்னாடி கொண்டு வாங்க சார். லேசா கீழே. லென்ஸைப் பாருங்க. ஆங், அப்படியே..."

அவர் அப்படியே இருந்தார். மூச்சுகூட விடவில்லை.

"சார், மூச்சு விடலாம்."

"ஸாரி மேடம். பழக்க தோஷம்."

"என்ன பழக்கம்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் மூலையிலிருந்து பதில் வந்துவிட்டது.

"மாப்பிள்ளை இதுவரைக்கும் பதினோரு படத்துல நடிச்சிருக்கார்மா. பதினொண்ணுலயும் பிணம்."

சிரித்துவிடாமல் இருக்க அவள் கேமராவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"ஒரு படத்துல தண்ணியில மிதந்தார். இன்னொண்ணுல போர்த்தின துணிக்கு வெளியே கால் கட்டைவிரல் மட்டும் தெரிஞ்சுது. அந்த விரலைப் பார்த்து என் பொண்ணு கை தட்டறா!"

"மாமா..."

"நான் என்ன பொய்யா சொல்றேன்?"

அவள் விளக்கை அரையடி நகர்த்தினாள். இரண்டு கருவிழியிலும் குட்டியாய் ஒரு வெளிச்சப் புள்ளி விழ வேண்டும். அது விழுந்தால்தான் முகத்துக்கு உயிர். புள்ளி அழகாக விழுந்தது. உயிர்தான் வரவில்லை.

"உங்களுக்கு ரொம்பப் பிடிச்சவங்களை நினைச்சுக்கங்க சார்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"போச்சு! மறுபடி போய்ச் சேர்ந்துட்டார்!" என்றார் மாமனார்.

அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"பெரியவரே, கொஞ்சம் வெளியில உட்காருங்க."

"நான் இருந்தா என்னம்மா?"

"இருந்தா எனக்கு வேலை ஓடாது."

முணுமுணுத்துக்கொண்டே அவர் போனார். கதவைச் சாத்திவிட்டு அவள் திரும்பினாள்.

"எப்படி சார் சமாளிக்கறீங்க?"

"அவரை விடுங்க மேடம். என் மேனேஜர் கேட்டாருன்னுதான் இந்த போட்டோவே."

பிணத்துக்கு மேனேஜரா என்று கேட்க வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள்.

"மேனேஜர் கிடைச்சே ரெண்டு மாசம்தான் மேடம். நேர்ல பார்த்ததே இல்ல. அவராவே மெசேஜ் பண்ணினார். 'உங்களை மாதிரி அசையாம கிடக்க யாராலயும் முடியாது. நீங்க அசைஞ்சா எப்படி இருக்கும்னு பார்க்க ஆசைப்படறேன்'னு எழுதியிருந்தார். ரொம்ப பிஸியான மனுஷன். எல்லாமே மெசேஜ்தான்."

சொல்லி வாய் மூடவில்லை, அவர் போன் 'டிங்' என்றது. எடுத்துப் படித்தார். ஸ்டூலை விட்டு ஒரு துள்ளு துள்ளினார்.

"மேடம்! ஆடிஷனுக்குக் கூப்பிட்டுட்டாங்களாம்! டாக்டர் வேஷம்! நாலு வரி வசனம்! நான் பிணம் இல்ல மேடம், பிணத்தைப் பார்க்கற டாக்டர்!"

"அப்படியே அசையாம... ஐயோ, இல்ல இல்ல, அசைங்க! நல்லா அசைங்க!"

க்ளிக். க்ளிக். க்ளிக்.

அவர் சிரித்த சிரிப்பில் கண்ணோரம் சுருங்கியது, காதுகூடச் சிரித்தது. அவர் முட்டி இடித்து ஆடிய விளக்கைப் பாய்ந்து பிடித்தவள், மறு கையால் எடுத்துக்கொண்டே இருந்தாள்.

"இப்ப டாக்டர் மாதிரி சீரியஸா ஒண்ணு."

அவர் நெற்றியைச் சுருக்கி, குரலைத் தாழ்த்தி, "எங்களால முடிஞ்சதைச் செஞ்சுட்டோம்" என்றார். காலி ஸ்டூலைப் பார்த்துச் சொன்ன விதத்தில் இருவருக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

படங்களைத் திரையில் போட்டுக் காட்டினாள். டாக்டர், வாத்தியார், கதாநாயகியின் அண்ணன் என்று எதற்கும் பொருந்துகிற முகம். அவர் தன் முகத்தையே வெட்கத்தோடு பார்த்துவிட்டு, சட்டை மாற்ற உள்ளே போனார்.

அவள் நேராக வராந்தாவுக்குப் போனாள். கிழவரை நாலு கேள்வி கேட்காமல் விடுவதாக இல்லை.

சட்டைப் பையில் ஒரு போன் இருக்க, கையில் இன்னொரு போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் மாமனார்.

"நீங்க வெளியே வந்ததும்தான் உங்க மாப்பிள்ளை முகத்துல சிரிப்பே வந்துது, தெரியுமா? முகம் தெரியாத ஒரு மேனேஜர் நல்லதா நாலு வார்த்தை சொல்றார். வீட்டு மனுஷர் உங்களுக்கு ஒரு வார்த்தை வரல."

"சிரிச்சாராம்மா?"

"சிரிச்சார்."

"நல்லா?"

"ரொம்ப நல்லா."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். மடியில் கிடந்த போன் 'டிங்' என்றது.

"யாருன்னு கொஞ்சம் படிங்கம்மா."

அவள் எடுத்துப் படித்தாள். "சார், போட்டோ பிரமாதமா வந்திருக்கு. எல்லாம் உங்களாலதான். மாமனார் மட்டும் கூட வந்து உயிரை எடுத்துட்டார்..."

குரல் பாதியில் நின்றது. சட்டை மாற்றும் அறையின் கதவைப் பார்த்தாள். பெரியவரைப் பார்த்தாள்.

"சார்... அப்ப அந்த மேனேஜர்..."

"மெதுவாம்மா! அவர் ரோஷக்காரர். மாமனார் வாங்கிக் குடுத்த சான்ஸுன்னு தெரிஞ்சா அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டார். ரெண்டு மாசமா வாக்கிங்னு சொல்லிட்டு கம்பெனி கம்பெனியா ஏறி இறங்கினது வீணாயிடும்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் குரலைத் தணித்தார்.

"நீங்களே ஒரு பதில் தட்டிடுங்கம்மா. 'பெரியவர்தானே, போனாப் போறார். கொஞ்சம் பொறுத்துக்கங்க.'"