தேர்வறையில் வெளியாள்

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாயில் படுத்துத் தூங்கினார்கள். மாவட்ட வளர்ச்சித் தேர்வு இப்போதெல்லாம் கனவில்தான் நடக்கிறது. விழித்திருக்கும் பிள்ளை பயப்படும், பக்கத்தில் பார்த்து எழுதும். தூங்கும் பிள்ளைக்குப் பொய் வராது என்கிறது கல்வித்துறை.

நிறைமதியின் அறிக்கை மட்டும் சிவப்பாக வந்தது. நாற்பது கேள்விகளில் முப்பத்தொன்றுக்குப் பதில் இல்லை. கீழே ஒரு வரி: தேர்வறையில் வெளியாள்.

எஸ்தர் டீச்சர் அவளையும் அவளுடைய அம்மா பவளத்தையும் வரவழைத்தார்.

"உள்ள யாரு பாப்பா வந்தது?"

"எங்கப்பா, டீச்சர். கேள்வித்தாள வாங்கிப் பார்த்தாரு. அப்புறம் பேசிக்கிட்டே இருந்தோம்."

அவர் இறந்து மூன்று வருஷமாகிறது. பவளத்தின் கனவுக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

"என்ன சட்டை போட்டிருந்தாரு?" என்று மகளிடம் கேட்டாள் பவளம்.

"கட்டம் போட்டதும்மா. பட்டன் போன இடத்துல நீ ஊக்கு குத்தி விடுவியே, அது."

டீச்சர் தரையைப் பார்த்தபடி சொன்னார். "நாளைக்கு மறுதேர்வு. அதுலயும் இப்படின்னா திரும்ப அஞ்சாவதுலயே உட்கார வச்சிருவாங்க."

மறுநாள் நாற்பதுக்கு நாற்பது. மாவட்டத்திலேயே அதிக வளர்ச்சி அவளுடையதுதான். பள்ளிக்கூடக் கேட்டுக்கு வெளியே காத்திருந்த பவளம் மதிப்பெண்ணைக் கேட்கவில்லை.

"அப்பா வரலையாடி?"

"வந்தாரும்மா. பரீட்சை நடக்குது, பெத்தவங்க உள்ள வரக்கூடாதுன்னு சொன்னேன். சரிம்மான்னு கேட்டுக்கு வெளிய போய் நின்னாரு. மணி அடிச்சதும் நான் முழிச்சுட்டேன். அவரு இன்னும் அங்கதான் நிப்பாரு."