வாசனை ஊற்றிய மண்

அமெரிக்காவின் விஸ்கான்சின் காட்டில் நவம்பர் வெயில் மாலைக்கு முன்பே வெளிறிக் கிடக்கிறது. வேட்டைக்கு ஆண்மான்களை இழுக்க, ஆர்லன் வருடந்தோறும் மேப்பிள் கிளையின் கீழே மண்ணைக் கீறி, கடையில் வாங்கிய பெண்மான் மூத்திரத்தை ஊற்றுவான். இன்று அங்கே ஓர் இளம் ஆண்மான் நிற்கிறது. விலா எலும்புகள் துருத்துகின்றன. வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கிப் பனியைத் தொடுகிறது. அருகே இரண்டு மனிதர்கள் நின்றும் அது ஓடவில்லை. மேலுதட்டைச் சுருட்டி மண்ணை முகர்கிறது, நக்குகிறது.

"இளைச்சுச் சாகுற நோய்தான், மாப்ளே," என்கிறான் ஆர்லனுடைய மனைவியின் அண்ணன் டுவேன்.

"புட்டியிலதான் வந்திருக்குமோ? மூத்திரத்துலயே நோய் வரும்னு நீ அப்பவே சொன்னியே, மச்சான்."

"வம்புக்குச் சொன்னேன். அதை ஊத்தலேன்னா உன் காலுறை நாத்தத்துக்கு ஒரு மான் வருமா?"

ஒவ்வொரு குளிர்காலத்திலும் இந்தக் காட்டு மான் இறைச்சியைத்தான் ஆர்லன் தேவாலயத்து ஏழைக் குடும்பங்களுக்குப் பங்கிடுகிறான். இனி எதை நம்பிக் கொடுப்பது? இன்னும் எத்தனை மான்கள் இந்த மண்ணை நக்கினவோ, கர்த்தருக்குத்தான் தெரியும். துப்பாக்கியைத் தூக்கப் பார்க்கிறான், கை எழவில்லை. டுவேன் அதை மெல்ல வாங்கிக்கொள்கிறான்.

"நீ வண்டிகிட்ட போய் நில்லு. அதுக்கு வலிக்காம நான் முடிச்சிடறேன்."

ஆர்லன் திரும்பி நடக்கிறான். பனி நொறுங்கும் அவன் காலடிச் சத்தத்துக்குப் பின்னால் இன்னொரு சத்தமும் கேட்கிறது. காலையில் அவன் பூட்ஸில் தடவிய அதே பெண்மான் மூத்திர வாசனையை முகர்ந்தபடி, தள்ளாடித் தள்ளாடி, மான் அவன் பின்னாலேயே வருகிறது.