அசல் வளைவு

தவளக்குப்பம் கோவிந்தராசு எத்தனையோ ஸ்போர்ட்ஸ் கார் செய்து கொடுத்திருக்கிறார். ஒன்றுகூட நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாது.

தாண்ட வேண்டிய அவசியமும் இல்லை. பழைய காரை வாங்கி, இஞ்சினைப் பின்னால் தள்ளி வெல்டிங் வைத்து, மேலே ஃபைபரில் புது உடம்பு செய்து மாட்டிவிடுவார். கல்யாண ஜோடி சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும். சினிமாக்காரர்கள் வாங்கிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் உருட்டுவார்கள். அதோடு அவர் கணக்கு முடிந்தது.

அப்படிப்பட்டவர் ஷெட்டுக்குத்தான் பிரேம்குமார் வந்தான். செல்போனை நீட்டினான்.

"இதே மாதிரி ஒண்ணு வேணும்ணே. பக்கத்துல நின்னு பார்த்தாகூட வித்தியாசம் தெரியக் கூடாது."

படத்தில் ஒரு சிவப்புக் கார். இரண்டே இருக்கை. தரையோடு தரையாகப் படுத்திருந்தது. கோவிந்தராசு படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"யாருதுப்பா?"

"எங்க முசியேவுது."

முசியே என்றால் தேவதாஸ். பிரான்ஸில் நெடுங்காலம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, துய்மா வீதியில் பெரிய வீடு வாங்கிக் குடியிருப்பவர். பிரேம்குமார் அவருடைய டிரைவர். வீட்டில் இருக்கிற எல்லாக் கார்களையும் ஓட்டுவான், இந்தச் சிவப்பு ஒன்றைத் தவிர.

"தொடவே விட மாட்டாருண்ணே. சாவியைக்கூட கண்ணுல காட்ட மாட்டாரு. ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு குடுத்துட்டு, அவரே பீச் பக்கம் உருட்டிக்கினு போயிட்டு வந்துடுவாராம். இவ்ளோ பெரிய காரை வாங்கி மாட்டுவண்டி மாதிரி ஓட்டறாரு. பாவம்ணே அந்த காரு!"

அடுத்த மாதம் தேவதாஸ் பாரிஸில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறார். அப்போது பாலிஷ் போடுவதாகச் சொல்லிக் காரை வேனில் ஏற்றி இங்கே கொண்டுவருவது. கோவிந்தராசு செய்த காரைத் திருப்பி அனுப்புவது. இஞ்சினையும் கியர்பாக்ஸையும் மட்டும் கழற்றிக்கொண்டு போக பெங்களூர் பார்ட்டி ஒருவன் தயார். இதுதான் திட்டம்.

கோவிந்தராசு அதுவரை ஒரு நட்டு போல்ட்டைக்கூடத் திருடியதில்லை. 'எழுந்து போடா' என்று சொல்லியிருக்க வேண்டும். வாயில் வந்தது வேறு.

"பெங்களூர்க்காரன் கழட்டறதுக்கு முன்னாடி, அந்த இஞ்சினை நான் ஒருவாட்டி பார்க்கலாமா?"

வாழ்க்கை முழுக்கக் கார்களுக்குத் தோல் தைத்தவர் அவர். அதற்குள் இருக்கும் உயிரை யூட்யூபில் மட்டுமே பார்த்திருக்கிறார்.

வேலை மும்முரமாக நடந்தது. அவ்வப்போது பிரேம்குமார் வந்து நிற்பான். கோவிந்தராசு பேசிக்கொண்டே தேய்ப்பார்.

"மூக்கு ஏன் இவ்ளோ தாழ்வா இருக்கு தெரியுமா? அடியில காத்து பூந்துட்டா காரைத் தூக்கிடும். பின்னாடி றெக்கை எதுக்கு? பறக்கறதுக்கு இல்ல தம்பி, பறக்காம இருக்கறதுக்கு."

"பக்கத்துல இந்த ஓட்டை?"

"அசல் காருக்கு அது மூச்சு. இஞ்சினுக்குக் காத்து போற வழி. நம்மளுது சும்மா கறுப்பு பெயின்ட்."

தேவதாஸ் விமானம் ஏறிய மறுநாள் காலை, தார்ப்பாய் போர்த்திய கார் வேனில் வந்து இறங்கியது. ஏற்றும்போது வாட்ச்மேன்தான் பின்னாலிருந்து தள்ளிக் கொடுத்தானாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தான் பிரேம்குமார்.

தார்ப்பாயை உருவினார்கள். இரண்டு சிவப்புக் கார்களும் அக்கம்பக்கமாக நின்றன.

கோவிந்தராசு மெல்லக் கிட்டே போனார். பின் சக்கரத்துக்கு மேலே இருந்த வளைவைக் குழந்தையின் கன்னத்தைத் தடவுவதுபோலத் தடவினார்.

"இதுதான்டா தம்பி காரு. இந்த இடுப்பைப் பாரு. நான் தலைகீழா நின்னாலும் என் கையில இந்த வளைவு வருமா?"

"தப்பா நினைக்காதீங்கண்ணே, உங்களுது பக்கத்துல பொம்மை மாதிரிதான் இருக்கு."

அவருக்குக் கோபம் வரவில்லை. உள்ளதைத்தானே சொல்கிறான்! தன் காரை இன்னொரு முறை பார்க்கவே கூச்சமாக இருந்தது. "சீக்கிரம் ஏத்திக்கினு போ. வெயில்ல பல்லைக் காட்டிடும்" என்று விரட்டினார்.

மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் பிரேம்குமார் குதித்துக்கொண்டு திரும்பி வந்தான்.

"முடிஞ்சுதுண்ணே! வாட்ச்மேன் சுத்திச் சுத்திப் பார்த்துட்டு, 'பாலிஷ் பிரமாதம்'ன்றான். பெங்களூர் பார்ட்டி விழுப்புரம் தாண்டிட்டாங்களாம். அவங்க வர்றதுக்குள்ள உங்க ஆசையைத் தீர்த்துக்கோங்க."

கோவிந்தராசு சோப்புப் போட்டுக் கை கழுவினார். வேட்டியில் துடைக்காமல், புதுத் துண்டு எடுத்துத் துடைத்தார். சாவி இல்லாதது ஒரு பொருட்டே அல்ல. மெல்லிய கம்பி ஒன்றை விட்டு நெம்பியதும் பின்மூடி 'டக்' என்று விட்டுக்கொடுத்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினார்.

குனிந்து பார்த்தவர் நிமிரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, பக்கத்தில் கிடந்த டயர்மேல் மெல்ல உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"என்னண்ணே, அழுவுறீங்க? அவ்ளோ அழகாவா இருக்கு?" என்று ஆவலோடு எட்டிப் பார்க்க வந்தான் பிரேம்குமார்.

உள்ளே தூசி படிந்து உட்கார்ந்திருந்தது ஒரு பழைய டாக்ஸி இஞ்சின். அதை விழாமல் தாங்கிக்கொண்டிருந்தது, பல வருஷங்களுக்கு முன்னால் கோவிந்தராசு தன் கையாலேயே வைத்த வெல்டிங்.