சொக்கனைக் காணவில்லை

"ஏறு ஆட்டோவில. போலீஸ் ஸ்டேஷன்ல நான் கேட்டாலொழிய வாயைத் திறக்காதே" என்றார் கணபதிராமன். ரயில்வேயில் முப்பத்தைந்து வருடம் உத்தரவு போட்ட குரல் அது.

ஓடி ஒளியப் பாப்பாத்தி என்ன திருடியா? ராமாபுரத்திலிருந்து வந்து ஒன்பது வருடமாக அந்த வீட்டில் வேலை செய்கிறாள்; ஒரு ஸ்பூன் தொலைந்ததில்லை. நேற்று சாயங்காலம் சொக்கன் தொலைந்துவிட்டான். பெரியவர் குழந்தைபோல வளர்த்த நாய்.

விஷயம் கேட்டு மகன் வினயும் மருமகள் பிரதிபாவும் தங்கள் ஹெப்பாள் ஃப்ளாட்டிலிருந்து காலையிலேயே வந்திருந்தார்கள். "இவ தம்பி மாதப்பன்தான் மாமா எடுத்திருப்பான். சொக்கன் தனியா இருக்கற நேரத்தை வேற யாரு சொல்லிக் குடுத்திருப்பா?" என்று வாசலிலேயே ஆரம்பித்தாள் பிரதிபா.

"நான் பிஸ்கட் நீட்டினாலே சொக்கன் மோந்துகூடப் பாக்காதுங்க. என் தம்பி பின்னாடி போயிருமாக்கும்?" பாப்பாத்தியும் விடவில்லை.

வினய்தான் பதமாகப் பேசினான். "பாவம், அவளை விட்டுடுங்கப்பா. போலீசு கீலீசுன்னு போனா நம்ம குடும்பத்துக்குத்தான் அவமானம். தனியா இருந்தது போதும், எங்க ஃப்ளாட்டுக்கு வந்துடுங்க. அங்க நாய் வளர்க்கவும் விட மாட்டாங்க."

பெரியவர் செருப்பை மாட்டிக்கொண்டு ஆட்டோவைக் கூப்பிட்டார்.

ஸ்டேஷனில், எதிர்வீட்டு கேமரா பிடித்த வீடியோவை எஸ்.ஐ. இரண்டு தடவை பார்த்தார். ரெயின்கோட்டும் ஹெல்மெட்டும் போட்ட ஒருவன் ஸ்கூட்டரை நிறுத்தி இறங்குகிறான். கேட்டைத் திறந்து, இடது கையால் பிஸ்கட்டை நீட்டுகிறான். சொக்கன் வாலை ஆட்டிக்கொண்டே தின்றுவிட்டு ஸ்கூட்டரில் ஏறி நிற்கிறது.

"இது நல்லாத் தெரிஞ்ச ஆளு. யாரும்மா, உன் தம்பியா?" என்று பாப்பாத்தியை முறைத்தார் எஸ்.ஐ.

அதற்குமேல் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. "என் தம்பின்னு அந்த ஹெல்மெட்டுல எழுதி ஒட்டியிருக்குதுங்களா?"

"வாய் நீளுதே! போ, அந்த மூலையில போய் நில்லு."

"அவ எதுக்கு நிக்கணும்?" கணபதிராமனின் குரலில் ஸ்டேஷனே திரும்பிப் பார்த்தது. "அவ என் சாட்சி. முதல்ல ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க."

பாப்பாத்திக்கு ஒன்றும் புரியவில்லை. நாற்காலி வந்தது. உட்கார்ந்தாள்.

"பாப்பாத்தி, சொக்கனுக்கு நீ எந்தக் கையால பிஸ்கட் குடுப்பே?"

"சோத்துக் கையாலதானுங்க. வாயில்லா ஜீவன்னாலும் பீச்சாங்கையிலயா குடுப்பாங்க?"

"கேட்டீங்களா? அதனாலதான் ஒன்பது வருஷமா அவ குடுத்து அது தின்னதில்லை." பெரியவர் எஸ்.ஐ. பக்கம் திரும்பினார். "நம்ம ஊர்ல யாரா இருந்தாலும் வலது கையாலதான் நீட்டுவாங்க, திருடன் உள்பட. அதனால இடது கையால குடுத்தா மட்டுமே தின்னணும்னு சொக்கனைக் குட்டியிலேயே பழக்கினேன். இது வேலைக்காரிக்குத் தெரியாது, மருமகளுக்குத் தெரியாது. பழக்கினப்போ என்கூட இருந்தவனுக்கு மட்டும் தெரியும்."

எஸ்.ஐ. பேனாவை எடுத்தார். "அந்த ஆளு மேல கம்ப்ளெயிண்ட் குடுக்கறீங்களா? அப்புறம் சமாதானம்னு வரக் கூடாது."

"வரமாட்டேன். சொக்கன் எங்கேன்னு அவனையே கேளுங்க."

"சரி, சொல்லுங்க. பேரு, தகப்பனார் பேரு?"

கணபதிராமன் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

"வினய். தகப்பனார் பேரு, கணபதிராமன்."